இராகு காலத்துக்கு வந்து சிறப்பிக்கவும்

செங்கல்பட்டு,
விரோதி வருஷம், ஆவணி 8, திங்கட்கிழமை
24.8.2009

அணுபுரம் ஸ்ரீமான் கோதண்டராமன் அவர்கள் சமூகத்துக்கு, செங்கல்பட்டு கஸ்தூரிரங்கன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

வருஷத்தின் பெயரை நான் வைக்கவில்லை. பஞ்சாங்கத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அதையும் என் கணக்கில் எழுதிவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இவ்விடம் ஒருவரும் சௌக்கியமாக இல்லை. எங்கள் பெண் சாருலதா சனிக்கிழமை மாலை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள், இன்று ஆபீசுக்கும் லீவு போட்டுவிட்டாள். என் சகதர்மிணி ருக்மிணி என்னோடு பேசுவதில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் பாத்திரங்களிடம் சொல்லி வைக்கிறாள், அவை எனக்குக் கேட்கும்படி விழுகின்றன. உங்களைச் 'சம்பந்தி' என்று விளித்து எழுதலாமா, கூடாதா என்பது தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். கடைசியில் ஸ்ரீமான் என்று எழுதியிருக்கிறேன், அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்ல முடியாது. விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் உங்கள் பிள்ளை கிரிதருக்கும் எங்கள் சாருலதாவுக்கும் நடக்க வேண்டிய நிச்சயதார்த்தத்தை நான் ரத்து செய்யவில்லை. ஸ்தலசயனப் பெருமாள் சாட்சியாகச் சொல்கிறேன், செய்யவில்லை. நான் ரத்து செய்தது இராகு காலத்தை. இந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிடாமல் தயவுசெய்து கடைசி வரை படிக்க வேண்டும்.

நான் தாலுகா ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆபீசில் கூட்டம் என்றால் ஏசுபாதம் என்ற பியூன் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாக வருவார். எல்லோரும் ஓரத்தில் சுருக்கொப்பம் போடுவோம். சுருக்கொப்பம் போட்டால் பார்த்தேன் என்று பொருளே தவிர, வருவேன் என்று பொருள் கிடையாது. கூட்டத்தைக் கூட்டிய அதிகாரியே பல தடவை வரமாட்டார். இதனால் அரசாங்கம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். வெற்றிலை பாக்கோடு வாசற்படி ஏறி வந்து ஒருவர் அழைத்தால், "அவசியம் வரோம், குடும்பத்தோட வரோம்" என்றுதான் நாம் சொல்வோம். வர மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மனிதனை நான் இந்த ஜில்லாவில் பார்த்ததில்லை. அழைப்பவருக்கும் தெரியும், அழைக்கப்படுபவருக்கும் தெரியும், இலை போடும் சமையல்காரருக்கு அதைவிட நன்றாகத் தெரியும். இப்படி அமைதியாக நடந்துகொண்டிருந்த உலகத்தில்தான் சாருலதா எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்து, மின்னஞ்சல் முகவரி ஒன்று ஏற்படுத்தி, காலண்டர் என்ற ஒன்றைத் திறந்து வைத்தாள். அந்தக் காலண்டரில் பெருமாள் படம் கிடையாது, விசேஷ தினம் கிடையாது, கிழிக்கவும் முடியாது. வெறும் கட்டம்.

கேளம்பாக்கத்தில் ஃப்ளாட் எடுத்துத் தங்கியிருக்கும் பெண், சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருகிறவள், வார நாட்களில் எங்களோடு பேசுவதற்கு அந்தக் காலண்டர் வழியாக அழைப்பு அனுப்பத் தொடங்கினாள். 'அம்மாவுடன் பேசுதல், இரவு ஒன்பது முதல் ஒன்பதேகால் வரை.' ருக்மிணி எதிர் வீட்டு மாமியின் மூட்டுவலியைச் சொல்ல ஆரம்பித்தால் முழங்காலுக்கு வருவதற்கே ஒன்பதேகால் ஆகிவிடும். "அம்மா, எனக்கு அடுத்த மீட்டிங் இருக்கு, மூட்டை நாளைக்கு வச்சுக்கலாம்" என்று அவள் போனை வைத்துவிடுவாள். 'அப்பா, ரத்தப் பரிசோதனை' என்று ஓர் அழைப்பு வந்தது. என் ரத்தத்தை எடுப்பதற்கு என்னையே அழைத்து, வருகிறாயா என்று கேட்டது. கீழே மூன்று பொத்தான்கள்: எஸ், நோ, மேபி. நான் எஸ் அமுக்கினேன். எல்லாவற்றுக்கும் எஸ்தான் அமுக்கினேன். அழைத்தவருக்கு நோ சொல்வது எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லை. பார்த்தேன் என்பதற்கு அந்தப் பெட்டியில் தனியாக ஒரு பொத்தான் வைத்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதமே இல்லை. ஆகவே முதல் தவறு அதைச் செய்தவர்களுடையது என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

போன வருஷம் ஒரு நாள் ஆங்கிலத்தில் நீளமாக ஓர் அழைப்பு வந்தது. சாருலதா தன் ஆபீசில் கஸ்தூரி என்கிற யாருக்கோ அனுப்ப வேண்டியதை, பெட்டி தானாகவே என் பெயரைப் போட்டு எனக்கு அனுப்பிவிட்டது. வழக்கம்போல எஸ் அமுக்கினேன். அமுக்கிய பிறகு மனசு கேட்கவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருக்க வேண்டியிருந்தால், போனிலாவது இரண்டு வார்த்தை சொல்வதுதானே மரியாதை? அழைப்பிலேயே நம்பர் போட்டிருந்தது. கூப்பிட்டேன். ஒரு பெண்மணி ஏதேதோ எண்களை அமுக்கச் சொன்னாள், அமுக்கினேன். டிங் என்று ஒரு சத்தம், பிறகு நிசப்தம். சபை கூடியிருக்கிறது என்று புரிந்துகொண்டு, ஆபீசில் கற்ற ஆங்கிலத்தில், தவிர்க்க இயலாத காரணத்தால் நேரில் வர இயலவில்லை என்றும், நிகழ்ச்சி இனிதே நடந்தேறி அனைவரும் சகல சௌபாக்கியங்களும் பெற வேண்டும் என்றும் சொன்னேன். ஓர் அமெரிக்கர் மிகவும் மரியாதையாக நன்றி சொல்லி, நான் எந்தப் பிரிவு என்று கேட்டார். வருவாய்த் துறை, ஓய்வு என்றேன். அவர்கள் ஊரில் வரி பிடிக்கிறவர்களுக்கும் அதே பெயராம், கேட்டதும் அவர் குரலில் ஒரு பயம் வந்துவிட்டது. அதற்குள், "அப்பா! போனை வைங்கோ!" என்று சாருலதா அலறுவது கேட்டது. அப்போதுதான் இன்னொரு குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நமஸ்காரம் மாமா, எங்க எல்லாரையும் ஆசீர்வாதம் பண்ணுங்கோ" என்றது. அந்தக் குரல் உங்கள் கிரிதர். இத்தனை பெரிய மனிதர்கள் நடுவில் ஒரு கிழவனின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியதே, அந்தப் பிள்ளையை அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது. சாருலதா எங்களிடம் விஷயத்தைச் சொன்னது ஆறு மாதம் கழித்து. நான் முகம் காணாமல் எஸ் சொன்னது அதற்கு வெகு முன்னால்.

பிறகு பெரியவர்கள் சந்தித்துப் பேச வேண்டும் என்று குழந்தைகள் இருவரும் மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் மதியச் சாப்பாட்டுக்கு நமக்கெல்லாம் காலண்டர் அழைப்பு அனுப்பினார்கள். அதற்கு நீங்கள் 'மேபி' அமுக்கியிருந்தீர்கள். அதை இப்போது சொல்லிக்காட்டுவதாக நினைக்க வேண்டாம். ருக்மிணிதான் திரையைப் பார்த்துவிட்டு, "பொண்ணைப் பாக்க வரதுக்கு 'பாக்கலாம்'னு போட்டிருக்காரே, இவா என்ன மனுஷா?" என்று இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தாள். நீங்கள் வந்தீர்கள், சாம்பாரை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டீர்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இதை எழுதக் காரணம், பொத்தானை வைத்து மனிதர்களை எடை போடக் கூடாது என்பதை நாங்கள் அன்றே கற்றுக்கொண்டோம், நீங்களும் கற்றுக்கொள்ளலாம் என்பதுதான்.

இனி இராகு காலம். சாருலதாவும் கிரிதரும் சேர்ந்து செய்த ஏதோ ஒரு மென்பொருளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அமெரிக்காவில் ஏற்றினார்கள். ஏற்றியது படுத்துவிட்டது. ஞாயிறு ஐந்து மணி என்றால் என்ன நேரம் என்று செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இத்தனை படித்த கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. இதற்கு ஒரு வழி செய்வோம் என்று, ஏழு கிழமைக்கும் இராகு காலத்தை அந்தக் காலண்டரில் நானே ஏற்றினேன். வாராவாரம் வருவதுதானே, அதனால் வாராவாரம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். முடிவு தேதி கேட்டது. இராகு காலத்துக்கு ஏது முடிவு, கிடையாது என்று போட்டேன். இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக ஒரு கட்டத்தை விட்டுவைக்க என் கை வராது. 'சர்வ லோகம்' என்று நிரப்பினேன். விவரம் என்ற கட்டத்தில், 'இந்த நேரத்தில் சுப காரியம் எதையும் தொடங்க வேண்டாம், தொடங்கினால் விளங்காது' என்று எழுதினேன். யார் யாருக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டது. சாருலதா, கிரிதர், இரு வீட்டுப் பெரியவர்கள் என்று உங்கள் பெயரையும் சேர்த்தேன். தெரியட்டும் என்றுதான் சேர்த்தேன். அந்தப் பெட்டிக்குத் தெரிவிப்பதற்கும் அழைப்பதற்கும் வித்தியாசம் தெரியாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? கஸ்தூரிரங்கன் உங்களை இராகு காலத்துக்கு அன்புடன் அழைக்கிறார், வருகிறீர்களா என்று அது உங்கள் வீட்டுக்கு ஏழு அழைப்பு அனுப்பிவிட்டது. நீங்கள் ஏழுக்கும் 'எஸ்' அமுக்கியிருந்தீர்கள். பெண் பார்க்கும் சாப்பாட்டுக்கு மேபி, இராகு காலத்துக்கு எஸ். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உங்கள் பெருந்தன்மை என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்ததும், பெண் வீட்டார்தான் அழைக்க வேண்டும், அதனால் நீங்களே அனுப்புங்கோ அப்பா என்று சாருலதா சொல்லிவிட்டாள். புதிதாக ஓர் அழைப்பை எங்கே தொடங்குவது என்பது அதற்குள் மறந்துவிட்டது, தேடிப் பார்த்தும் அகப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ஏற்கெனவே என் இராகு காலம் உட்கார்ந்திருந்தது. ஆபீசில் புது உத்தரவு போட வேண்டுமானால் பழைய உத்தரவை எடுத்துப் பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்புவதுதான் வழக்கம். அந்த முறையில் எத்தனையோ பேர் பதவி உயர்வே பெற்றிருக்கிறார்கள். அதையே செய்தேன். இராகு காலம் என்பதை அடித்து, 'சாருலதா கிரிதர் நிச்சயதார்த்தம்' என்று போட்டேன். நாலரையைக் காலை பத்தாக மாற்றினேன். சர்வ லோகத்தை மாமல்லபுரமாக மாற்றினேன். விவரத்தைக் கவனிக்கவில்லை. வாராவாரம் என்பதையும் கவனிக்கவில்லை. அனுப்பிவிட்டு, எவ்வளவு சுலபம் பார்த்தாயா என்று ருக்மிணியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். சனிக்கிழமை மதியம் நீங்கள் போன் செய்தீர்கள். உங்கள் குரல் ஞாபகம் இருக்கிறது. "ஏன் ஸ்வாமி, ஞாயித்துக்கிழமைதோறும் நிச்சயதார்த்தம், முடிவு தேதி கிடையாதுன்னு போட்டிருக்கேளே, எங்க பிள்ளை பொண்ணை எப்பதான் கல்யாணம் பண்ணிக்கறது? அதுவும் போகட்டும், தொடங்கினா விளங்காதுன்னு கீழ எழுதியிருக்கேளே, அது எங்க ஆத்துக்கு ஆசீர்வாதமா?" என்றீர்கள். "அது நிச்சயதார்த்தம் இல்லை, இராகு காலம்" என்று சொன்னேன். அது விஷயத்தைச் சரிப்படுத்தவில்லை என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. "ஒரே நிமிஷம், இப்பவே சரி பண்ணிடறேன்" என்று போனைக் கீழே வைத்துவிட்டு, அந்த விளங்காத வாசகம் இருக்கும் கட்டத்தை நீக்கினேன். இந்த ஒன்றை மட்டுமா, எல்லாவற்றையுமா என்று கேட்டது. அரைகுறையாக எதையும் விட்டு வைக்கக் கூடாது என்று எல்லாம் அமுக்கினேன். திரும்பிப் போனை எடுத்தால் நீங்கள் வைத்துவிட்டிருந்தீர்கள். அதற்குள் உங்களுக்குச் செய்தி வந்து சேர்ந்திருக்கிறது: சாருலதா கிரிதர் நிச்சயதார்த்தம் ரத்து, ரத்து செய்தவர் கஸ்தூரிரங்கன், எல்லா ஞாயிறும். அதாவது இந்த ஞாயிறு மட்டுமில்லை, உலகம் உள்ள வரைக்கும் எந்த ஞாயிறும் கிடையாது.

அன்றைக்குப் பிறகு நீங்கள் போனை எடுக்கவில்லை. கிரிதர் சாருலதாவைக் கூப்பிட்டு, "அம்மா அழுதுண்டே இருக்கா, அப்பா வாயே திறக்க மாட்டேங்கறார், நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டிருக்கிறார். இவள் அதை என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனவள்தான். வந்தவாசிச் சாலை வரைக்கும் போய் உறவுக்காரர்களை ஏற்றி வர வேன் பேசியிருந்தோமே, அந்த தர்மராஜ் இன்று காலை அணுபுரம் சவாரி முடித்துவிட்டு நேராக இங்கே வந்தார். வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னா சாமி பண்ணி வச்சிகீற? அந்த வூட்டு அம்மா அடுப்பே பத்த வெக்கல. பெரியவரு வாசக் கேட்டாண்ட நின்னுகினு வானத்தயே பாத்துகினு கீறாரு. வணக்கம் வெச்சேன், திரும்பக்கூட இல்ல. ஞாயித்துக்கெழம வண்டி வேணுமா வேணாமா, அத்த மொதல்ல சொல்லு." நான் நடந்ததைச் சொன்னேன். "போன்ல பேசறதுக்கு இன்னா?" என்றார். எடுக்க மாட்டேன் என்கிறார் என்றேன். "அப்ப கைப்பட ஒரு லெட்டர் எய்து. சாயங்காலம் அந்தாண்டதான் போறேன், குட்த்துட்டு வரேன். பொட்டப் புள்ளயோட வாய்க்கை, அத்தப் போயி பேஜாரு பண்ணிகினு" என்று சொல்லிவிட்டு நாஸ்தா சாப்பிடப் போனார். அதனால்தான் எழுதுகிறேன்.

இதுவரை எழுதியதில் என் தவறு என்று எங்குமே தெரியவில்லை, மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று ராத்திரி சாருலதா சாப்பிட வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. "பரவாயில்லப்பா, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று சொல்லிவிட்டு மோர் சாதத்தைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். என் பெண்ணின் வாழ்க்கை என் ஒரு விரலால் கெட்டுப்போயிற்று என்று ஆகிவிட்டால் நான் எப்படி இருப்பேன், ஸ்வாமி? கோபம் என்றால் என்னிடம் காட்டுங்கள், பத்துப் பேர் நடுவில் வேண்டுமானாலும் காட்டுங்கள். குழந்தைகளைப் பிரித்துவிடாதீர்கள். வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு நானும் ருக்மிணியும் வெற்றிலை பாக்கு, பழம், பூவுடன் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, நிச்சயதார்த்தத்துக்கு வாயால் அழைக்கிறோம். புதன் இராகு காலம் பன்னிரண்டு மணிக்குத்தான். அந்தக் கம்ப்யூட்டரை ருக்மிணியின் பழைய புடவையால் போர்த்தி மூலையில் வைத்துவிட்டேன். இந்த ஜன்மத்தில் இனி அதைத் தொடமாட்டேன். தொட்டால் என்னைச் சம்பந்தி என்று கூப்பிடாதீர்கள்.

உங்கள் சகதர்மிணிக்கு ருக்மிணியின் நமஸ்காரம். கிரிதருக்கு எங்கள் இருவரின் பரிபூரண ஆசீர்வாதம். சகல சௌபாக்கியங்களுடன் நீடூழி இருக்க வேண்டும். இந்த ஆசீர்வாதத்துக்கும் முடிவு தேதி கிடையாது. கெட்ட சேதி என்று யாரும் பயந்துவிடக் கூடாது என்பதற்காக நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
கஸ்தூரிரங்கன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். கையெழுத்துப் போட்டு மை காய்வதற்குள் புடவைக்குள்ளிருந்து கம்ப்யூட்டர் கத்தியது. இரண்டு நாளாகப் பேசாதிருந்த ருக்மிணி, "ஏன்னா, அது எதுக்கோ கூப்பிடறது, என்னன்னு பாருங்கோ" என்றாள். அவளே பேசிய பிறகு நான் எப்படிப் பார்க்காமல் இருப்பது? தொட்டுவிட்டேன். உங்கள் அழைப்பு. 'சம்பந்தி ஆத்துக்குக் காப்பிக்கு வருதல். புதன்கிழமை காலை பத்தரை. இடம் செங்கல்பட்டு. விவரம்: கிரிதர் எல்லாம் சொன்னான். கோபம் ஒன்றுமில்லை. ஞாயிறு உண்டு.' ருக்மிணி சத்தமாகப் படிக்கவும் அறைக் கதவு திறந்தது. சாருலதா வந்து என் தோள் மேல் சாய்ந்து திரையைப் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "அப்பா, மாமா வாராவாரம்ங்கற கட்டத்துல டிக் போட்டுட்டார், முடிவு தேதியும் கிடையாது" என்றாள். பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். புதன் பத்தரை குளிகை. அந்த நேரத்தில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சம்பந்தி, உங்களுக்கும் அந்தக் கட்டம் பிடிபடவில்லை என்று அறிந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஆகவே நாங்கள் அங்கே வரவில்லை, நீங்கள் வாருங்கள், அழைப்பை இங்கேயே வெற்றிலை பாக்கோடு தருகிறோம். வாராவாரம் வடைக்கு எவ்வளவு உளுந்து ஊறப்போடுவது என்று ருக்மிணி இப்போதே கணக்குப் போடுகிறாள். இந்தக் கடிதத்தைக் கிழிக்கலாம் என்றால் மஞ்சள் தடவியாயிற்று, தர்மராஜும் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். என் வீட்டிலேயே நடக்கிற காப்பிக்கு நான் வருகிறேனா என்று பெட்டி என்னைக் கேட்கிறது. எஸ் அமுக்கிவிட்டேன்.